கிளி இருந்த கை

சங்கரலிங்கம் முதலாளியின் அச்சாபீசில் பீங்கான் கோப்பை மொத்தம் மூன்றே மூன்று. ஒன்று முதலாளிக்கு. ஒன்று ஆர்டர் கொடுக்க வரும் வெளியூர்ப் பார்ட்டிக்கு. மூன்றாவது பல வருஷமாக அலமாரியில் கவிழ்ந்தே கிடந்தது. மற்ற எல்லாருக்கும் கண்ணாடிக் கிளாஸ்தான். பதினேழு வருஷமாக மெஷின் ஓட்டும் மாரிக்கண்ணனுக்கும் கிளாஸ்தான். அதில் அவனுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, பிரபாகரன் வந்து அந்த மூன்றாவது கோப்பை நிமிரும் வரைக்கும்.

பிரபாகரன் வந்தது இரண்டாயிரத்து நான்காம் வருஷம் சித்திரையில். ஆலங்குளத்துப் பையன். அப்பா அங்கே சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவர். பையன் அச்சு வேலையையே படிப்பாகப் படித்துவிட்டு வந்திருந்தான். மாரிக்கண்ணனோ எட்டாங்கிளாஸோடு நிறுத்திவிட்டு, மண்ணெண்ணெய்த் துணியால் மெஷின் உருளையைத் துடைக்கிற வேலையில் ஆரம்பித்து, மையும் தண்ணீரும் பழகி, மெஷின்மேன் ஆனவன். படித்து வந்தவனைக் கண்டால் அவனுக்கு வயிறு எரியும் என்று சொன்னால் தப்பு. அவன் வயிறு எரிந்தது அந்தக் கோப்பையைக் கண்டுதான்.

பதினோரு மணிக்கு டீ வரும். முதலாளி தன் அறையிலிருந்தே, "தம்பி, வா" என்று ஒரு குரல் கொடுப்பார். பிரபாகரன் கையிலிருந்த ரப்பர் உறையைக் கழற்றிக்கொண்டே போவான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் காதுவைத்த வெள்ளைக் கோப்பையில் டீ குடிப்பது, ஷெட்டின் இந்தக் கடைசியில் இருக்கும் மாரிக்கண்ணனுக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் முதலாளி அவனை 'ஏலே மாரிக்கண்ணா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். ஒரு நாளும் தம்பி என்றதில்லை. அப்படிக் கூப்பிடாதது ஒரு குறை என்பதே அவனுக்கு இந்தச் சித்திரையில்தான் தெரிந்தது.

ஒன்றைக் கண்டுபிடித்தால் அடுத்தது தானாகக் கண்ணில் படும். பையன் மை பட்டுவிடும் என்று வலது கைக்கு உறை போடுகிறான், என்ன மிதப்பு! கையெழுத்தை இடது கையால் போடுகிறான், அது ஒரு பவுசு. மெஷின் பக்கத்தில் ஷூ. மதியம் பைண்டிங் செக்‌ஷன் பெண்கள் எல்லாம் அவன் சொல்லும் எதற்கோ சிரிக்கிறார்கள். மாரிக்கண்ணன் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. தூக்குவாளியோடு பேப்பர் குடோனுக்குப் போய்விடுவான். ஆனால் பையன் என்ன குழம்பு கொண்டு வந்தான், எத்தனை இட்லி தின்றான் என்பது வரை யாரிடமாவது விசாரித்துத் தெரிந்துகொள்வான்.

எல்லாம் சாயங்காலம் எம். புதுப்பட்டிக்கு டவுன் பஸ்ஸில் வந்து வீட்டில் இறங்கும். அவன் பெண்டாட்டி குருவம்மாள் பட்டாசுக் கம்பெனியில் நாளெல்லாம் சரம் பின்னிவிட்டு வந்திருப்பாள். கையிலிருக்கும் மருந்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கும் போதே இவன் ஆரம்பித்துவிடுவான். இன்றைக்கு அவனுக்கு ஸ்டூல் போட்டார்கள். இன்றைக்கு அவனை முதலாளி ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனார். அவள் ஆறு மாசம் கேட்டுப் பார்த்தாள். ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எனக்கு ஒரு சந்தேகம். நீங்க என்னையக் கட்டிக்கிட்டீகளா, இல்ல அந்தப் பயலக் கட்டிக்கிட்டீகளா? ஒரு நாளாவது நான் என்னத்தத் தின்னேன்னு கேட்டிருக்கீகளா?"

தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துபோனான்.

இவ்வளவுக்கும் அடியில் ஒரு பெரிய விஷயம் இருந்தது. அச்சாபீசில் இருந்தவை இரண்டு மெஷின். இரண்டுமே இரண்டு கலர் அடிப்பவை. ஒரு படம் முழுசாக வரவேண்டுமென்றால் தாள் முதல் மெஷினில் இரண்டு கலர் வாங்கி, காய்ந்து, இரண்டாவது மெஷினில் மீதி இரண்டு கலர் வாங்க வேண்டும். முதல் மெஷின் மாரிக்கண்ணனுடையது, இரண்டாவது பிரபாகரனுடையது. தை பிறந்ததும் ஒரே ஓட்டத்தில் நாலு கலரும் அடிக்கும் மெஷின் வரப்போகிறது. வெளிநாட்டில் ஓடிய மெஷின், கப்பலில் சென்னைக்கு வந்து கிடக்கிறது. அதற்கென்று முதலாளி ஷெட்டுக்கு நடுவில் கண்ணாடி அறை கட்டி, ஏசியும் வைத்துவிட்டார். மாரிக்கண்ணன் தினமும் காலையில் வந்ததும் அந்த வெற்று அறையை ஒரு தரம் பார்ப்பான். பார்த்தாலே குளிர்ந்துவிடும். உடனே, அந்த அறைக்குள் வெள்ளைக் கோப்பையோடு ஒருவன் உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். குளிர்ச்சி போய்விடும்.

அந்த மெஷின் யாருக்கு என்று முதலாளி வாயைத் திறக்கவில்லை. கார்த்திகையில் மதுரை ஜவுளிக்கடைப் பார்ட்டி நல்லசிவத்தின் காலண்டர் ஆர்டர் வந்தபோதுதான் ஒரு வார்த்தை சொன்னார். வருஷா வருஷம் வரும் ஆர்டர். கிளியேந்திய மீனாட்சி படம், கீழே கடைப் பேர். இருபதாயிரம் தாள். இரண்டு பேரையும் கூப்பிட்டு, இந்த வேலை வெளியே போகட்டும், அதைப் பார்த்துப் புது மெஷின் விஷயத்தை முடிவு பண்ணிக்கொள்ளலாம் என்றார். சொல்லிவிட்டு அன்று சாயங்காலமே, மெஷினைத் துறைமுகத்திலிருந்து எடுக்கிற வேலையாகச் சென்னைக்கு ரயிலேறிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் திரும்புவார்.

வியாழக்கிழமை காலையில், படத்தைப் பதித்துத் தரச் சொல்லி வெளியே கொடுத்திருந்த அச்சு பிளேட் வந்தது. கூடவே ப்ரூப் தாளும் வந்தது. ப்ரூப் என்பது பார்ட்டி கண்ணால் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரித் தாள். அம்மன் முகத்துக்கு இவ்வளவு மஞ்சள், புடவைக்கு இவ்வளவு பச்சை என்று மெஷின்மேனுக்கு வழிகாட்டுவது அது ஒன்றுதான். முதல் தாளை அதன் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் மெஷினை ஓடவிட வேண்டும். பிறகு அது அடுத்த மெஷினுக்குப் போகும். சாமி படம் மாதிரி அதைக் கையாளுவார்கள், தரையில் வைக்க மாட்டார்கள், மடிக்கவே மாட்டார்கள்.

மாரிக்கண்ணன் கையில்தான் அது முதலில் கிடைத்தது. சுருளாக இருந்தது. பிரிக்கப் போனவனுக்கு ஒரு யோசனை வந்தது. அவன் முறை மஞ்சளும் சிவப்பும். அவற்றை அடிக்க அவனுக்கு ப்ரூப் தேவையில்லை, எத்தனை மீனாட்சி அடித்த கை அது. ஆனால் நீலமும் கறுப்பும் அடிக்கப்போகிறவன் முதல் வருஷக்காரன். ப்ரூப் இல்லாவிட்டால் பச்சை நீலமாகிப்போகும், அம்மன் முகம் கறுத்துப்போகும். அப்போது தெரியும் படிப்பு.

சுற்றிலும் பார்த்தான். ஒருத்தரும் பார்க்கவில்லை. ப்ரூப்பை இரண்டாக மடித்தான். இன்னொரு தரம் மடித்தான். தூக்குவாளிப் பைக்குள், வாளிக்கு அடியில் தள்ளிவிட்டான்.

மெஷின் ஓடியது. மஞ்சளும் சிவப்பும் மட்டும் விழுந்த தாளில் அம்மன் குங்குமம் கலங்கிய மஞ்சத்தண்ணி மாதிரித்தான் தெரிவாள். புடவை மஞ்சள், கிளி மஞ்சள், பின்னாலிருக்கும் தோரணமும் மஞ்சள். எது எங்கே இருக்கிறது என்று உற்றுப் பார்த்தால்தான் விளங்கும். அவன் உற்றுத்தான் பார்த்தான், ஆனால் லென்ஸ் வழியாக. அவன் கழுத்தில் கயிற்றில் ஒரு லென்ஸ் எப்போதும் தொங்கும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஓர் ஆயுத பூஜை அன்று முதலாளி கொடுத்தது. தாளின் மூலையிலிருக்கும் கூட்டல் குறியில் மஞ்சளும் சிவப்பும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று அதில் பார்ப்பான். உட்கார்ந்திருந்தது. தன் பங்கில் எவனும் விரல் வைக்க முடியாது என்று உறுதி பண்ணிக்கொண்டான். அதற்கு மேல் அம்மனைப் பார்க்க அவனுக்கு நேரமில்லை.

வெள்ளிக்கிழமை தாள்கள் பிரபாகரன் மெஷினுக்குப் போயின. பத்து மணிவாக்கில் அவன் ஷெட்டின் இந்தக் கடைசிக்கு நடந்து வந்தான்.

"அண்ணே, ப்ரூப் எங்கன இருக்குன்னு தெரியல. ஒங்ககிட்ட இருக்கா?"

முதலாளி வீட்டில் இருக்கும் என்று மாரிக்கண்ணன் மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மொதத் தாளு ஓட்டும்போது நீங்க வச்சுப் பாத்துட்டீகள்ல, அண்ணே?"

"ம்."

"அப்பச் சரி."

அவ்வளவுதான். பையன் போய்விட்டான். போன வருஷத்து மீனாட்சி காலண்டர் ஒன்று டீக்கடையில் தொங்கியது, அதைக் கடன் கேட்டு வாங்கிவந்து பச்சைக்கு மட்டும் மாதிரி வைத்துக்கொண்டான். புடவை ஓரமும் கன்னமும் மட்டும் தெரிய அதை மடித்து, தாளோடு ஒட்டவைத்து ஒட்டவைத்துப் பார்த்தான். வெள்ளியும் சனியும் முழுக்க மெஷின் ஓடியது. மாரிக்கண்ணன் தனக்கு வேலை இருக்கிறதோ இல்லையோ, அரைமணிக்கு ஒரு தரம் அந்தப் பக்கம் போய் ஒரு தாளை உருவி லென்ஸ் வைத்தான். புடவைச் சரிகை, காதுத் தோடு, கிளியின் மூக்கு. எங்கேயாவது ஒரு நூல் விலகி, ஒரு சிவப்பு வெளியே எட்டிப் பார்க்காதா என்று துழாவினான். விலகவில்லை. பச்சை பச்சையாகவே இருந்தது. அதைவிட அவனை நோகடிக்கிற காரியம் வேறு எதுவும் இருந்திருக்க முடியாது. இவ்வளவு நன்றாக ஓட்டுகிறானே, பாவி!

சனிக்கிழமை மெஷின் நின்றதும் பிரபாகரன் கடைசித் தாளின் ஓரத்தில் இடது கையால் கையெழுத்துப் போட்டுக் கட்டின் மேல் வைத்தான். கட்டுகளைப் பிளாஸ்டிக் போட்டு மூடினார்கள். மூடுவதற்குள் மாரிக்கண்ணன் ஒரு தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டான். பகல் வெளிச்சத்தில் தப்பு ஒளியாது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் பாயை விரித்து, அதன்மேல் மீனாட்சியை விரித்து, நாலு மூலைக்கும் நாலு கல் வைத்துவிட்டுக் குப்புறப் படுத்தான். அடுப்பில் கறி வெந்துகொண்டிருந்தது. தெருவில் போன ரெண்டு பேர் என்ன மாரிக்கண்ணா, எதையும் தொலைச்சிட்டியா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவன் தலையைத் தூக்கவில்லை. கிரீடத்தில் ஆரம்பித்தான். நெற்றி, புருவம், கண், மூக்குத்தி. அங்குலம் அங்குலமாக இறங்கினான். வெயில் முதுகில் ஏறியது.

காது மடலுக்குக் கீழே கிடைத்துவிட்டது. ஒரு வெள்ளைப் புள்ளி. மெஷினில் தூசி ஒட்டினால் விழுகிற புள்ளி.

"குருவு, இங்கன வா. சீக்கிரம் வா."

அவள் கரண்டியோடு வந்தாள். அவன் விரலால் தொட்டுக் காட்டினான்.

"பாத்தியா? கடுகு அம்புட்டு. பெரிய படிப்புப் படிச்சவன் ஓட்டுன லட்சணம். இருபதாயிரம் தாளுலயும் இருக்கும். நாளைக்கு மொதலாளிகிட்ட லென்ஸ வச்சே காட்டுறேன்."

குருவம்மாள் குனியவில்லை. நின்ற இடத்திலிருந்தே பாயில் கிடந்த அம்மனைப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போன கை பாதியில் நின்றது.

"அது கெடக்கட்டும். கிளி ஏன் அந்தக் கையில இருக்கு?"

"எந்தக் கையில?"

"எடது கையில. மீனாச்சிக்கு வலது கையிலல்ல கிளி? எடது கையில வச்சிருக்குறது வில்லிபுத்தூர் ஆண்டாளு. இது கொண்டையப் பாத்தா ஆண்டாளுமில்ல. இது யாரு?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். அப்போதும் விளங்கவில்லை. வெயிலில் கண் கூசியது. எழுந்து நின்று, அவள் நின்ற இடத்துக்கு வந்து நின்று பார்த்தான். மூன்று நாளாக லென்ஸ் வழியாக மூக்கை மூக்கைப் பார்த்த அந்தக் கிளி, அம்மனின் இடது கையில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. வலது கை சும்மா தொங்கியது. பிளேட் போட்ட இடத்தில் படத்தின் பிலிமைப் பக்கம் மாற்றி ஒட்டிவிட்டிருக்கிறார்கள். அம்மன் கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திரும்பிவிட்டாள். கடைப் பேருக்குத் தனி பிலிம், அதனால் எழுத்து ஒழுங்காக இருந்தது. இருபதாயிரம் தாள். எதுவும் மதுரையில் செல்லாது. மீனாட்சிக்குக் கிளி எந்தக் கை என்று மதுரையில் பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும்.

அவன் வீட்டுக்குள் போனான். தூக்குவாளிப் பையைக் கவிழ்த்தான். மடித்துக் கிடந்த ப்ரூப்பை எடுத்துவந்து பாயில் விரித்தான். வலது கையில் கிளி. நடுவில் நெடுக்கும் குறுக்குமாக மடிப்புக்கோடு ஓடி, அம்மன் முகத்தைக் கீறியிருந்தது.

குருவம்மாளுக்கு அச்சு வேலை தெரியாது. ஆனால் புருஷன் பதினேழு வருஷமாக ப்ரூப், ப்ரூப் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறாள். அது எப்படித் தூக்குவாளிப் பைக்கு வந்தது என்று கேட்டாள். அவன் சொன்னான். ஒளிக்காமல், முழுசாக, தரையைப் பார்த்துக்கொண்டு. அந்தப் பையன் வந்து கேட்டதையும் சொன்னான், தான் 'ம்' என்றதையும் சொன்னான்.

"கடுகு போன எடத்தத் தேடுறவுகளுக்குப் பூசணிக்கா போன எடம் தெரியாதுன்னு எங்கம்மா சொல்லும்," என்றாள் அவள். "சும்மா சொலவடைன்னு நெனச்சேன். இப்பத்தான் ஆளப் பாக்கேன்."

அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அவன் மனசுக்குள் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இந்த ப்ரூப் தன்னிடம் இருந்தது ஒரு உயிருக்கும் தெரியாது. கடைசித் தாளில் இருப்பது பிரபாகரன் கையெழுத்து. ப்ரூப் பார்க்காமல் ஓட்டியது அவன்தான். நாளைக்கு முதலாளி பிளாஸ்டிக்கைத் தூக்கிப் பார்த்தால் யார் தலை உருளும்? கண்ணாடி அறை யாருக்கு? எல்லாம் தானாகவே கனிந்து மடியில் விழுந்திருக்கிறது. ஒன்றும் செய்ய வேண்டாம், இந்த ஒரு தாளை இல்லாமல் பண்ணினால் போதும்.

அவன் கண் அடுப்பங்கரைப் பக்கம் போனதை அவள் பார்த்துவிட்டாள்.

"அடுப்பு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு," என்றாள். "போடணும்னா போடுங்க. நான் ஒருத்தருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நாளையிலருந்து அந்தப் பயலப் பத்தி ஒரு வார்த்த இந்த வீட்டுல பேசக் கூடாது. கோப்பையாம், ஸ்டூலாம். அவன் சோத்துல மண்ணப் போட்டுட்டு அவன் என்ன கொழம்பு தின்னான்னு எங்கிட்ட வந்து சொல்லக் கூடாது."

சொல்லிவிட்டுக் கறியைக் கிளறப் போய்விட்டாள். அன்று கறி நன்றாகத்தான் இருந்தது. அவனுக்கு இறங்கவில்லை. 'அப்பச் சரி' என்ற அந்த ஒரு வார்த்தைதான் தொண்டையில் எலும்பு மாதிரி நின்றது. தாளை அவன் எரிக்கவுமில்லை, மறுநாள் கொண்டுபோய்க் கொடுப்பதென்று முடிவு பண்ணவுமில்லை. மடித்தபடியே சட்டைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினான்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போயும் பிந்திவிட்டான். முதலாளி வந்திருந்தார். ஒரு கட்டின் பிளாஸ்டிக் விலகிக் கிடந்தது. மேஜைமேல் பிரபாகரன் கையெழுத்துப் போட்ட தாள் விரிந்திருந்தது. எதிரே பையன் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். பைண்டிங் பெண்கள் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

"ப்ரூப் எங்கலே?" என்று முதலாளி கேட்டார்.

'லே' என்று சொன்னார். தம்பி என்று சொல்லவில்லை. எட்டு மாசமாக மாரிக்கண்ணன் காத்திருந்த வார்த்தை அது. அவன் நெஞ்சுக்குள் ஒரு கண்ணிமைப்பு நேரம் சில்லென்று ஒரு சந்தோஷம் ஓடத்தான் செய்தது. பொய் சொல்வானேன்.

ப்ரூப்பை நான் பார்க்கவில்லை, முதலாளி வீட்டில் இருக்கிறதென்று நினைத்தேன் என்றான் பையன். வீட்டில் எப்படி இருக்கும், நான் ஊரிலேயே இல்லையே என்றார் முதலாளி. பார்க்காமல் இருபதாயிரம் தாளை எந்த நம்பிக்கையில் ஓட்டினாய் என்று கேட்டார். அவர் குரல் ஏறவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

பிரபாகரன் தலையை நிமிர்த்தினான். மாரிக்கண்ணனைக் காட்டிக்கொடுக்கிற முகம் இல்லை அது. கேள்வி புரியாதவன் முகம்.

"மாரிக்கண்ணன் அண்ணே ரெண்டு கலர் ஓட்டிவிட்ட தாளு, மொதலாளி. அதுக்கு மேல நான் என்னத்தப் பாக்க?"

மாரிக்கண்ணன் சட்டைக்குள் கையைவிட்டான். மடித்த ப்ரூப்பை எடுத்து மேஜைமேல் வைத்தான். வியர்வையில் ஓரம் நனைந்திருந்தது.

"எங்கிட்டத்தான் இருந்துச்சு, மொதலாளி. நான்தான் எடுத்து வச்சேன். அவன் கேட்டான். நான் குடுக்கல. நானும் பிரிச்சுப் பாக்கல."

முதலாளி அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்கவில்லை. நாற்பது வருஷம் அச்சாபீஸ் நடத்தியவருக்கு, மடித்த ப்ரூப்பைப் பார்த்தால் மடித்தவன் மனசு தெரியாதா? கண்ணாடி அறைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அந்த மெசின ஓட்ட அவன் போதும்லே. அதுக்குத்தான அவனக் கூட்டியாந்தேன். ஓட்டுறதப் பாக்கத்தான் ஒரு ஆளு வேணும்னு இருந்தேன். மூணு மெசினுலருந்தும் வெளிய போற ஒவ்வொரு தாளும் ஒன் கையெழுத்து இல்லாம வாசலத் தாண்டக் கூடாதுன்னு நெனச்சிருந்தேன். மதுரைக்காரர்கிட்ட ஒன் பேரக்கூடச் சொல்லிட்டேன்." மடிப்பை விரலால் தொட்டார். "இப்ப அத நான் யாருகிட்டக் குடுக்க?"

மெஷின் சத்தம் இல்லாத ஷெட் பெரிய கோயில் பிராகாரம் மாதிரி இருந்தது.

பிளேட்டைத் திரும்பப் போடச் சொல்லி ஆள் போனது. புதுத் தாளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் தூங்காமல் ஓட்டினால், மதுரைக்குப் போக வேண்டிய லோடு நாள் தவறாமல் போய்விடும் என்றார் முதலாளி. திட்டவில்லை. திட்டியிருந்தால் மாரிக்கண்ணனுக்கு லேசாக இருந்திருக்கும்.

எல்லாரும் கலைந்த பிறகு பிரபாகரன் அந்த ப்ரூப்பை எடுத்துப்போய்த் தன் மேஜையில் விரித்தான். இந்தத் தரம் அதைப் பார்த்துத்தானே ஓட்ட வேண்டும். அம்மன் முகத்தில் ஓடிய மடிப்பைப் புறங்கையால் நீவி நீவிவிட்டான். மெஷின் ஓடாததால் கையில் உறை இல்லை. மாரிக்கண்ணன் மஞ்சள் மை டப்பாவை எடுக்க அந்த வழியாக வந்தவன் நின்றுவிட்டான்.

வலது கையின் கடைசி மூன்று விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டி, உருகின மெழுகு மாதிரி வழவழவென்று இருந்தன. நகம் இல்லை. சின்ன வயசில் வெடி பட்ட கை. இந்தப் பட்டாசுச் சீமையில் அந்தக் கையைப் பார்த்தால் ஒருவரும் எப்படி என்று கேட்க மாட்டார்கள். அந்தக் கையால் சுடுகிற கிளாஸை எப்படிப் பிடிப்பது? காது வைத்த கோப்பை என்றால் ஒற்றை விரலைக் கோத்துத் தூக்கிக்கொள்ளலாம். பேனாவை எப்படிப் பிடிப்பது? மையும் மண்ணெண்ணெயும் பட்டால் அந்தத் தோல் எரியாதா? மாரிக்கண்ணன் எட்டு மாசம் கோப்பையைப் பார்த்தான், உறையைப் பார்த்தான், கையெழுத்தைப் பார்த்தான். அவற்றைப் பிடித்திருந்த கையை ஒரு நாளும் பார்க்கவில்லை.

"மடிப்புப் போவாதுண்ணே," என்றான் பையன் நிமிராமல். "பரவால்ல. கன்னத்துல விழுகல, மூக்கு வழியாத்தான் போயிருக்கு. கலர் பாத்துக்கிடலாம்."

"தள்ளு," என்றான் மாரிக்கண்ணன். "துணி போட்டு இஸ்திரிப் பெட்டிய லேசா வச்சா அமுங்கும். நான் செய்யிறேன்."

அந்த வாரம் லோடு மதுரைக்குப் போனது. முதல் தாளை இரண்டு பேரும் சேர்ந்து சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பார்த்த பிறகுதான் மெஷினை ஓடவிட்டார்கள். லென்ஸ் அதற்கப்புறம்தான். தை பிறந்து புது மெஷின் வந்தது, மாலை போட்டார்கள், எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். கண்ணாடி அறைக்குள் பிரபாகரன்தான் போனான். தாள் பார்க்கும் வேலையை முதலாளி யாருக்கும் கொடுக்கவில்லை, தானே பார்த்தார். மாரிக்கண்ணன் பழைய மெஷினில்தான் இருந்தான். ஏசிக் காற்று கதவு திறக்கும்போது ஒரு வீச்சு வந்து அவன் முதுகில் படும். பட்டால் இன்னமும் கொஞ்சம் எரியும்.

கிளி மாறிப்போன இருபதாயிரம் தாளை என்ன செய்வது? சாமி படம், பழைய பேப்பருக்குப் போட்டால் பட்டாசுக் குழாய் சுற்றுவதற்குப் போய்விடும், அம்மனை வெடிக்கவைத்த பாவம் யாருக்கு என்று முதலாளிக்குப் பயம். அச்சாபீஸ் ஆட்களை எடுத்துப் போகச் சொன்னார். சாத்தூர் வரைக்கும் போயின. புதுப்பட்டியில் டீக்கடை, சலூன், ரேஷன் கடை எங்கே பார்த்தாலும் இடக்கைக் கிளியோடு மீனாட்சி. மாரிக்கண்ணன் முடி வெட்டப் போனாலும் அவள் பார்க்கிறாள், சீனி வாங்கப் போனாலும் பார்க்கிறாள். குருவம்மாள் ஒன்றை வீட்டில் அடுப்புக்கு நேர் எதிரே மாட்டினாள். வேறு இடமே இல்லையா என்று அவன் கேட்டதற்கு, இங்கன இருந்தாத்தான் ஒங்களுக்கு நல்லாத் தெரியும் என்றாள்.

மாசி மாசம் ஒருநாள் சாயங்காலம் அவன் தூக்குவாளியைக் கழுவப் போட்டுவிட்டு அடுப்புப் பக்கமாக வந்து உட்கார்ந்தான். இப்போது அவன் குடோனுக்குப் போவதில்லை. பைண்டிங் பக்கம் எல்லாரோடும் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறான்.

"இன்னைக்கு அந்தப் பய கருவாட்டுக் கொழம்பு கொண்டாந்திருந்தான். அவங்கம்மா வச்சதாம். எனக்கும் ஊத்துனான்."

குருவம்மாள் உலையில் அரிசியைப் போட்டாள்.

"என்னா ருசிங்குற! நாம வைக்கிறதுல அந்த வாசம் வராது."

உலையில் போன கரண்டி நின்றது. அவள் மெல்லத் திரும்பினாள்.

"கத்திரிக்கா போட்டிருந்துச்சா, மாங்கா போட்டிருந்துச்சா?" என்று கேட்டாள். "தேங்கா அரச்சு ஊத்துனதா? நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க."